பழைய ஸ்காண்டிநேவிய சாய்வு நாற்காலிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேக்குச் சட்டம், மெலிந்த கால்கள், லேசாகப் பின்னால் சாய்ந்த முதுகு, கழற்றி எடுக்கக்கூடிய இரண்டு மெத்தைகள். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் டென்மார்க்கிலும் பக்கத்து நாடுகளிலும் செய்த இந்த நாற்காலிகளைப் படத்தில் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் இன்று நிறைய. வாங்க நினைப்பவர்களும், வீட்டில் ஒன்று வந்து சேர்ந்தபின் அதை எப்படி வைத்துக்கொள்வது என்று யோசிப்பவர்களும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில்கள். இந்த நாற்காலிகளைக் கவிழ்த்துப் பார்த்தால்தான் முழு அருமையும் தெரியும் என்பது என் உறுதியான எண்ணம். அதனால் பல பதில்கள் அடிப்பாகத்தையும் மூட்டுகளையும் பற்றியே பேசும்.

எந்தக் காலத்து நாற்காலிகளை இப்படிச் சொல்கிறார்கள்?

பொதுவாக 1930களிலிருந்து 1960களின் கடைசி வரை வடிவமைத்தவை. டென்மார்க், ஸ்வீடன், நார்வே மூன்றும் ஸ்காண்டிநேவியா. பின்லாந்தை அந்தச் சொல்லில் சேர்ப்பது சரியில்லை என்றாலும், மரச்சாமான் விஷயத்தில் எல்லோரும் சேர்த்துத்தான் பேசுகிறார்கள். சாய்வு நாற்காலி என்று வரும்போது டென்மார்க்கின் பங்குதான் அதிகம். இந்தக் கட்டுரையும் டென்மார்க் பக்கமே சாயும்.

இந்த மரபு எங்கே தொடங்கியது?

இரண்டு இடங்களைச் சொல்லலாம், இரண்டும் கோபன்ஹேகனில்தான். முதலாவது, அரச நுண்கலைக் கழகத்தில் 1924இல் தொடங்கிய மரச்சாமான் பிரிவு. அதை நடத்தியவர் கோரே கிளின்ட். மனித உடம்பையும், அலமாரியில் வைக்கும் பொருட்களையும் அளந்துவிட்டுத்தான் கோடு போட வேண்டும் என்று மாணவர்களைப் பழக்கினார். பழைய நல்ல வடிவங்களைத் தூக்கி எறியாமல், அவற்றை அளந்து, பிரித்து, திருத்திப் புதிதாக்குவது அவர் வழி. எதையும் பூஜ்யத்திலிருந்து கண்டுபிடிக்க வேண்டும் என்ற அவசரம் அவரிடம் இல்லை.

இரண்டாவது, கோபன்ஹேகன் தச்சர் சங்கம் 1927இல் ஆரம்பித்த வருடாந்திரக் கண்காட்சி. ஆலையில் செய்த மலிவுச் சாமான் சந்தையை நிறைத்துக்கொண்டிருந்த நேரம் அது. பிழைப்பு போய்விடும் என்ற பயத்தில் தச்சர்கள் இளம் கட்டடக்கலைஞர்களோடு ஜோடி சேர்ந்தார்கள். ஒருவர் வரைவார், மற்றவர் செய்து காட்டுவார். இந்தக் கண்காட்சி 1966 வரை ஒவ்வொரு ஆண்டும் நடந்தது. இன்று ஏலத்தில் பெரிய விலைக்குப் போகும் நாற்காலிகளில் பல முதலில் அங்கேதான் மக்கள் கண்ணில் பட்டன. வரைகிறவரும் செய்கிறவரும் ஒரே பட்டறையில் நின்று, "இந்தக் கைப்பிடி இன்னும் எவ்வளவு மெலிய முடியும்?" என்று பேசிப் பேசிச் செய்தவை இவை. மற்ற நாடுகளுக்கு இந்த வாய்ப்பு இந்த அளவுக்கு அமையவில்லை என்றே நினைக்கிறேன்.

இந்தியாவோடு ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு, அதுவும் தொடக்கத்திலேயே. கிளின்ட் 1933இல் செய்த சஃபாரி நாற்காலிக்கு மூலம் ரூர்க்கி நாற்காலி. பிரிட்டிஷ் இந்திய ராணுவ அதிகாரிகள் முகாமுக்குத் தூக்கிப்போன, பாகம் பாகமாகக் கழற்றக்கூடிய நாற்காலி அது. ராணுவப் பொறியாளர்கள் இருந்த ரூர்க்கி நகரத்தின் பெயரே அதற்கும் வந்துவிட்டது. நான்கு கால்கள், அவற்றை இணைக்கும் குறுக்குக் கட்டைகள், துணி இருக்கை, அவ்வளவுதான். கட்டைகளின் நுனி கூம்பாகச் சீவியிருக்கும். காலில் உள்ள துளையும் அதே சரிவில் இருக்கும். பசை கிடையாது, ஆணி கிடையாது, திருகும் கிடையாது. நாம் உட்காரும்போது நம் எடையே துணியை இழுத்து மூட்டுகளை இறுக்கும். மேடு பள்ளமான தரையில்கூட நாலு காலும் தரையைத் தொடும். கிளின்ட் அதே அமைப்பை வைத்துக்கொண்டு, சட்டத்துக்கு ஆஷ் மரமும் இழுத்துக் கட்டத் தோல் வாரும் சேர்த்து அழகாக்கினார்.

இன்னொரு தொடர்பு மரம். டென்மார்க்கில் தேக்கு வளராது. 1897இல் தொடங்கிய ஈஸ்ட் ஏஷியாட்டிக் கம்பெனி என்ற டேனிஷ் கப்பல் நிறுவனம் சயாமிலிருந்து தேக்கு ஏற்றி வந்தது. செட்டிநாட்டு வீடுகளின் தூண்களில் நாம் பார்க்கும் பர்மா தேக்கும் இதே இனம்தான்.

ஃபின் யூல் யார்? அவர் பெயரை ஏன் எல்லோரும் சொல்கிறார்கள்?

ஃபின் யூல் (1912–1989) கட்டடக்கலை படித்தவர், தச்சுப் பயிற்சி இல்லாதவர். கிளின்ட் வழி வந்தவர்களுக்கு ஆரம்பத்தில் அவர் வேலை பிடிக்கவில்லை. அவர் பார்வை நவீன சிற்பிகள் பக்கம் இருந்தது. நாற்காலியில் எடையைத் தாங்கும் பாகம் தனி, உடம்பைத் தாங்கும் பாகம் தனி என்று பிரித்துக் காட்டியதுதான் அவர் செய்த பெரிய காரியம். 1945இல் வந்த அவருடைய சாய்வு நாற்காலியைப் பக்கத்திலிருந்து பாருங்கள். மெத்தை வைத்த இருக்கைக்கும் மரச் சட்டத்துக்கும் நடுவே வெளிச்சம் புகும். கைப்பிடி முன்பக்கம் அகன்று, பின்னால் போகப் போக மெலிந்து, விளிம்பில் கத்தி போல முடியும். இதைச் செய்து காட்டியவர் நீல்ஸ் வோடர் என்ற கோபன்ஹேகன் தச்சர். அவர் இல்லாமல் யூலின் கோடுகள் காகிதத்திலேயே நின்றிருக்கும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

1949 கண்காட்சியில் இருவரும் சேர்ந்து வைத்தது 'தலைவன் நாற்காலி'. மரச் சட்டம், தோல் மெத்தை, சேணம் போல வளைந்த அகலக் கைப்பிடிகள். கண்காட்சியைத் திறந்துவைக்க வந்த மன்னர் ஒன்பதாம் ஃபிரெடெரிக் அதில் உட்கார்ந்தார். அப்படியானால் மன்னர் நாற்காலி என்று பெயர் வைக்கலாமே என்று பேச்சு வந்ததாகவும், அது அதிகப்படி, தலைவன் என்றால் போதும் என்று யூல் சொன்னதாகவும் கதை உண்டு. நியூயார்க் ஐ.நா. தலைமையகத்தில் அறங்காவலர் மன்றத்தின் அரங்கத்தை உள்ளே அமைத்தவரும் இவரே.

வெக்னரின் நாற்காலிகளில் அப்படி என்ன இருக்கிறது?

ஹான்ஸ் வெக்னர் (1914–2007) ஜெர்மன் எல்லையோரம் இருக்கும் டோண்டர் ஊரில் செருப்புத் தைப்பவரின் மகன். பதின்ம வயதிலேயே தச்சுப் பட்டறையில் சேர்ந்து தொழில் கற்றவர். வாழ்நாளில் 500க்கும் மேற்பட்ட நாற்காலிகளை வரைந்திருக்கிறார்.

அவரை ஒரு மர இணைப்பைக் காட்டியே விளக்கிவிடலாம். 1949இல் அவர் செய்த வட்ட நாற்காலி சாய்வு நாற்காலி இல்லை, ஆனாலும் அதை விட்டுவிட்டு அவரைப் பற்றிப் பேச முடியாது. முதுகுக்கும் கைக்கும் சேர்த்து ஒரே வளையம். அந்த வளையத்தை ஒரே கட்டையில் எடுக்க முடியாது, துண்டுகளை இணைத்தாக வேண்டும். முதலில் வெக்னர் அந்த இணைப்புகள் தெரியாதபடி முதுகைப் பிரம்பால் சுற்றினார். அடுத்த ஆண்டே மனம் மாறி, பிரம்பை எடுத்துவிட்டு, இணைப்பைப் பற்கள் கோத்தது போல வளைந்து வளைந்து வெளியே தெரியும்படி செய்தார். கையால் தடவினால் மேடு பள்ளம் எதுவும் தட்டாது, கண்ணுக்கு மட்டும் அந்தக் கோடு தெரியும். மறைக்க வேண்டிய இடம் என்று நினைத்ததையே நாற்காலியின் முகமாக ஆக்கிவிட்டார். 1960இல் கென்னடியும் நிக்சனும் தொலைக்காட்சியில் விவாதித்தபோது மேடையில் இருந்தவை இந்த நாற்காலிகள்தான்.

சாய்வு நாற்காலிகளில் அவருடைய உச்சம் 1951இல் ஏ.பி. ஸ்டோலன் பட்டறைக்காகச் செய்த 'அப்பா கரடி'. பின்னாலிருந்து கரடி கட்டிப்பிடித்தது போல இருக்கிறது என்று ஒரு விமர்சகர் எழுதியதில் வந்த பெயர். கைப்பிடி நுனியில் மட்டும் மரம் எட்டிப்பார்க்கும், கரடியின் பாதம் மாதிரி. நம் கை எப்போதும் உராயும் இடம் அது. அங்கே துணி இருந்தால் முதலில் அழுக்காகிக் கிழியும். அதனால் அங்கே மரம்.

முட்டை நாற்காலியும் இந்த மரபில் சேருமா?

சேரும், ஆனால் அது வேறு கிளை. ஆர்னே ஜேக்கப்சன் கோபன்ஹேகனின் எஸ்.ஏ.எஸ். ராயல் ஹோட்டலுக்காக 1958இல் முட்டை, அன்னம் என்ற இரண்டு நாற்காலிகளை வடிவமைத்தார். ஓடு கெட்டியான ஃபோம், அதன்மேல் துணி அல்லது தோல். தச்சருக்கு இதில் வேலை இல்லை. ஃபிரிட்ஸ் ஹான்சன் நிறுவனம் இன்றும் செய்கிறது. அந்த ஹோட்டலில் 606ஆம் எண் அறையை மட்டும் பழைய அமைப்பிலேயே வைத்திருக்கிறார்கள்.

தோல் வார் வைத்த ஸ்பானிஷ் நாற்காலி என்கிறார்களே, அது?

பொர்கே மோகென்சன் 1958இல் செய்தது. ஓக் சட்டம், கெட்டியான சேணத் தோல், காபிக் கோப்பையை நம்பி வைக்கும் அளவுக்கு அகலமான கைப்பிடிகள். தோல் நாளாக நாளாக இழுபடும், இருக்கை தொங்கும். இதை மோகென்சன் முன்கூட்டியே யோசித்து, தோலைப் பக்கிள் வைத்து இறுக்கும்படி அமைத்தார். இடுப்பு பெல்ட்டை ஒரு துளை தள்ளிப் போடுகிற மாதிரி, சில வருடத்துக்கு ஒருமுறை இறுக்கினால் போதும். எனக்கு மிகவும் பிடித்த நாற்காலி இதுதான். பழுது வரும் என்று தெரிந்து, அதைச் சரிசெய்யும் வழியையும் கூடவே வைத்திருக்கிறார்.

எஃகில் வேலை செய்தவர் பவுல் கேர்ஹோல்ம். தச்சராகப் பயின்றவர் என்பதால் எஃகையும் மரத்தைப் போன்ற மதிப்போடு கையாண்டார். 1956இல் வந்த அவருடைய பி.கே. 22 என்ற சாய்வு நாற்காலி மிகத் தாழ்வானது. முழங்கால் வலி உள்ளவர்கள் எழுந்திருக்கச் சிரமப்படுவார்கள், வாங்கும் முன் யோசியுங்கள்.

ஸ்வீடன், நார்வே, பின்லாந்தில் என்ன செய்தார்கள்?

ஸ்வீடனில் புரூனோ மேட்சன். வார்னமோ ஊரில் நாலைந்து தலைமுறையாகத் தச்சு வேலை செய்த குடும்பம். ஸ்பிரிங்கும் திணிப்பும் இல்லாமல், வளைத்த மரச் சட்டத்தில் சணல் பட்டையைப் பின்னி உடம்பின் வளைவுக்கு ஏற்ற இருக்கை செய்ய முடியும் என்று காட்டினார். முதல் முயற்சி 1930களின் தொடக்கத்தில் உள்ளூர் மருத்துவமனைக்குப் போனது. அங்கே யாருக்கும் பிடிக்காமல் அதை ஒதுக்கிவைத்துவிட்டார்கள். அவர் விடவில்லை. பின்னால் வந்த ஈவா, பெர்னிலா என்ற நாற்காலிகள் உலகம் சுற்றின.

பின்லாந்தின் ஆல்வார் ஆல்டோ, பாய்மியோ ஊரின் காசநோய் மருத்துவமனைக்காக 1932இல் பிர்ச் பிளைவுட்டை வளைத்துச் செய்த நாற்காலி ஒரு தனி அத்தியாயம். முதுகின் சாய்மானம் நோயாளி மூச்சு விட வசதியாக இருக்கட்டும் என்று வைத்தது. நார்வேயில் இங்மார் ரெல்லிங் 1965இல் செய்த சியெஸ்டா நாற்காலியைப் பாகம் பாகமாகப் பிரித்துப் பெட்டியில் அனுப்பலாம்.

அசலா, போலியா என்று எப்படிப் பார்ப்பது?

முதலில் மெத்தைகளை எடுத்து ஓரமாக வையுங்கள். பிறகு நாற்காலியைக் கம்பளத்தின் மேல் மெதுவாகக் கவிழுங்கள். நல்ல வெளிச்சம் வேண்டும், டார்ச் இருந்தால் நல்லது.

இருக்கைச் சட்டத்தின் உட்பக்கத்தில் முத்திரை இருக்கிறதா என்று தேடுங்கள். நீல்ஸ் வோடர், ஜோஹானஸ் ஹான்சன் போன்ற பட்டறைகள் சூட்டுக்கோல் வைத்துப் பெயரை மரத்தில் பொறித்தன. அசல் சூட்டு முத்திரையில் எழுத்தின் ஓரம் லேசாகக் கருகி, மரத்துக்குள் பதிந்திருக்கும். சில ஆலைகள் சிறிய உலோக வில்லையைப் பதித்தன. ஃபிரான்ஸ் அண்ட் டாவர்கோசன் என்று வில்லையில் இருந்தால் 1957க்கு முந்தியது. ஃபிரான்ஸ் அண்ட் சன் என்று பொருள்படும் டேனிஷ் பெயர் இருந்தால் அதற்குப் பிந்தியது. வட்டமான டேனிஷ் தரக் கட்டுப்பாட்டு முத்திரையும் பல நாற்காலிகளில் இருக்கும். தரம் பார்த்து அனுப்பியது என்பதற்கு அது சான்று, யார் வடிவமைத்தது என்பதை அது சொல்லாது.

முத்திரை இல்லாததாலேயே போலி என்று முடிவு கட்ட வேண்டாம். காகித வில்லைகள் உதிர்ந்துபோகும், துணி மாற்றும்போது தொலையும். மூட்டுகளைப் பாருங்கள். கழுந்து, அதாவது கட்டையின் சீவிய முனை, துளையில் இடைவெளி இல்லாமல் உட்கார்ந்திருக்கிறதா? கைப்பிடியின் அடிப்பக்கத்தை விரலால் தடவுங்கள். நல்ல பட்டறை வேலையில் யாரும் பார்க்காத அடிப்பக்கமும் மேற்பக்கம் போலவே மழமழவென்று இருக்கும். நகலில் அந்த இடம்தான் காட்டிக்கொடுக்கும்: இழைப்பு சொரசொரப்பு, வழிந்து காய்ந்த வார்னிஷ், பசைத் திட்டு. மெத்தை மூடியிருந்த இடத்து மரத்தின் நிறமும், வெளிச்சம் பட்ட இடத்து நிறமும் வேறுவேறாக இருந்தால் அது பல ஆண்டுகள் புழங்கிய நாற்காலி. எங்கும் ஒரே நிறம் என்றால், புதியது அல்லது முழுக்கத் தேய்த்துப் பாலிஷ் போட்டது.

விற்பவர் "டேனிஷ் பாணி" என்று எழுதியிருந்தால் அது டென்மார்க்கில் செய்ததல்ல என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

தேக்கு நல்லதா, ரோஸ்வுட் நல்லதா?

உட்கார்வதற்கு இரண்டும் ஒன்றுதான். ரோஸ்வுட்டுக்கு விலை கூடுதல், சட்டச் சிக்கலும் கூடுதல். அந்தக் காலத்தில் டேனிஷ்காரர்கள் அதிகம் பயன்படுத்திய பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல் சைட்டிஸ் என்ற, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. உரிய சான்றிதழ் இல்லாமல் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. நாம் ஈட்டி என்று சொல்லும் இந்திய ரோஸ்வுட்டும் இப்போது அதே ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில். வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதாக இருந்தால் காகிதத்தை முதலில் கேளுங்கள், பணத்தை அப்புறம் அனுப்புங்கள்.

மெத்தை தொய்ந்துவிட்டது, ரப்பர் பட்டை அறுந்துவிட்டது. தூக்கிப் போட வேண்டியதுதானா?

கூடவே கூடாது. இந்த நாற்காலிகளின் பெரிய வரமே இதுதான். சட்டம், பட்டை, மெத்தை மூன்றும் தனித்தனி. மூன்றின் ஆயுளும் வேறு என்று செய்தவர்களுக்குத் தெரியும்.

பெரும்பாலான ஆலை நாற்காலிகளில் இருக்கைச் சட்டத்தின் உட்பக்கம் நீளமாக ஒரு பள்ளம் ஓடும். ரப்பர் பட்டையின் இரண்டு முனையிலும் ஒரு உலோகப் பிடி இருக்கும். அந்தப் பிடி பள்ளத்தில் சாய்வாக உட்காரும். ரப்பர் நாளடைவில் இறுகி, வெடித்து, தொட்டால் மாவாக உதிரும். புதுப் பட்டை வாங்கி, பழைய பிடிகளையே துடைத்துப் பயன்படுத்தலாம். பட்டையைச் சட்டத்தின் அகலத்தைவிடக் கொஞ்சம் குறைவாக வெட்டி, இழுத்துப் பொருத்துங்கள். உட்கார்ந்தால் லேசாக இறங்க வேண்டும், தரையைப் பார்க்கத் தொங்கக் கூடாது. பள்ளத்தின் உதடு உடைந்திருந்தால் மட்டும் தச்சரிடம் காட்டுங்கள். அங்கே ஆணி அடித்துச் சமாளிப்பதைப் பல இடங்களில் பார்க்கிறேன். அது சட்டத்தையே பிளந்துவிடும்.

மெத்தைக்குள் பழைய ஸ்பிரிங் இருந்தால் அதை உடனே தூக்கிப் போட்டு ஃபோம் வைத்துவிடாதீர்கள். ஸ்பிரிங் நன்றாக இருந்தால், மேலே இருக்கும் திணிப்பையும் உறையையும் மட்டும் மாற்றினால் போதும். ஃபோம் வைப்பதென்றால் பழைய மெத்தையின் உயரத்தை அளந்து அதே அளவில் வையுங்கள். அங்குலக் கணக்கில் தடிமன் கூட்டினால் கைப்பிடி தாழ்ந்து, தோளைத் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார வேண்டிவரும். நாற்காலி கெட்டுவிட்டது என்று தோன்றும், உண்மையில் மெத்தைதான் தப்பு.

ஆடும் மூட்டுக்கு: பழைய பசையை முழுக்கச் சுரண்டி எடுக்காமல் புதுப் பசை ஊற்றினால் பிடிக்காது. மூட்டைப் பிரித்து, சுத்தம் செய்து, ஒட்டி, ஒரு நாள் கிளாம்பில் இறுக்கி வைக்க வேண்டும். திருகு முடுக்கி இறுக்குவது வேண்டவே வேண்டாம்.

மரத்தை எப்படிப் பார்த்துக்கொள்வது?

தேக்குக்கு எண்ணெய்ப் பூச்சு. வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை மெல்லிய துணியால் தேய்த்து, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகத் தீப்பிடிக்கக்கூடும். விரித்துக் காயவைத்து எறியுங்கள்.

வெளிர் ஓக்கும் பீச்சும் பல வீடுகளில் சோப்புப் பூச்சில் இருக்கும். டேனிஷ் வீடுகளின் பழைய பழக்கம் இது: சுத்தமான சோப்புச் சீவலை வெந்நீரில் கரைத்து, நுரையாகத் தேய்த்து, காய்ந்தபின் எழுந்து நிற்கும் நார்களை மெல்லிய உப்புத்தாளால் இழை போகும் திசையில் தடவிவிடுவார்கள். மரம் வெளிர் நிறத்திலேயே இருக்கும், கறை பட்டால் மறுபடி சோப்பு. இந்த மரத்தின் மேல் பளபளக்கும் வார்னிஷ் அடித்துவிட்டால் மீட்பது பெரும்பாடு. ஏ.சி. காற்று நேராக அடிக்கும் இடத்திலும், வெயில் நேரடியாக விழும் ஜன்னலோரத்திலும் எந்த மரத்தையும் வைக்க வேண்டாம்.

பழையது கிடைக்கவில்லை, புதிதாகச் செய்வதை வாங்கலாமா?

தாராளமாக. கார்ல் ஹான்சன், பி.பி. மோப்லர், ஃபிரெடெரிசியா, ஹவுஸ் ஆஃப் ஃபின் யூல் போன்ற நிறுவனங்கள் உரிமையோடு இன்றும் செய்கின்றன. பி.பி. மோப்லர் 1953இல் தொடங்கியபோது முதலில் செய்ததே அப்பா கரடியின் உள்சட்டம்தான். இப்போது முழு நாற்காலியும் அவர்களிடமே. விலை அதிகம்தான். ஒவ்வொன்றும் பல மணி நேரக் கைவேலை என்பதை நினைவில் வையுங்கள். உரிமை இல்லாத நகலை வாங்காதீர்கள் என்று சொல்வேன். அதில் மிச்சமாகும் பணம் மூட்டில்தான் மிச்சமாகியிருக்கும்.

முதல் முறை வாங்குகிறேன். எதில் தொடங்கலாம்?

பெரிய பெயர்களைத் துரத்த வேண்டாம். 1950கள், 60களின் டேனிஷ் ஆலைகள் செய்த, தனி மெத்தை வைத்த தேக்குச் சாய்வு நாற்காலி ஒன்றைப் பாருங்கள். தேக்கில் உள்ள மணற்சத்து ரம்பத்தின் கூர்மையைச் சீக்கிரம் மழுக்கிவிடும். இந்த ஆலைகள் அதைச் சமாளிக்கும் இயந்திரங்களைக் கொண்டுவந்த பிறகுதான் நல்ல தேக்கு நாற்காலி நடுத்தர வீட்டுக்கு எட்டியது. யூல், கிரேட்டே யால்க் போன்றவர்களே இவற்றுக்கும் வரைந்திருக்கிறார்கள்.

பார்க்கப் போகும்போது இருபது நிமிடமாவது உட்காருங்கள். முதல் நிமிடத்தில் எல்லா நாற்காலியும் சுகம்தான். பத்து நிமிடம் கழித்துத் தொடையின் அடியில் முன்கட்டை அழுத்துகிறதா, கழுத்து தானாக முன்னால் வருகிறதா, கைப்பிடியில் கையை ஊன்றாமல் எழுந்திருக்க முடிகிறதா என்று கவனியுங்கள். பிறகு ஒரு பக்கக் கைப்பிடியைப் பிடித்து லேசாக முறுக்கிப் பாருங்கள். கிறீச்சென்ற சத்தமோ அசைவோ இருந்தால் மூட்டுச் செலவைக் கணக்குப் போட்டு விலை பேசலாம். மெத்தை கிழிந்திருந்தால் கவலை வேண்டாம், விற்பவர் அதற்காகவே விலையைக் குறைப்பார். சட்டம் நேராக, கைப்பிடி உடையாமல், பள்ளத்தின் உதடு முழுதாக இருந்தால் வாங்கிவிடுங்கள்.